தோற்பாவையின் தரம் காணல்

பாலக்காட்டுப் பகுதியில் பகவதி கோயில்களின் கூத்து மாடங்களிலே நிகழும் தோற்பாவைக் கூத்து நமக்கு அயலானதன்று. மலையாள மண்ணில் ஆடப்பெறினும் அங்கே ஓதப்படுபவை கம்பராமாயணப் பாடல்கள். நடத்துவோரும் புலவர் என்றே அழைக்கப்பெறுகின்றனர். ஆகவே, வெளிமாநிலங்களில் வாழும் நாம் நம் இல்லத்திற்கென ஒரு பாவையை வாங்க விழையுங்கால், அதன் தரமறிந்து வாங்குதல் நன்று.

வண்ணத்தைக் கண்டு மயங்கலாகாது. பாவை பகலொளியில் காண்பதற்கு அமைந்ததன்று. தேங்காய் மூடிகளில் ஏற்றிய 21 விளக்குகளுக்கு முன்னே, திரைக்குப் பின்னே ஆடுவதற்கு அமைந்தது. ஆதலின் கையில் எடுத்ததும் விளக்கிற்கு நேரே பிடித்துப் பார்ப்போம். உளியால் பொளித்த துளைகளின் வழியே ஒளி புகுந்து, முடியும் அணிகலனும் ஆடையின் கரையும் தனித்தனியே தெரிதல் வேண்டும். துளையின் ஓரத்தில் பிசிறு நின்றால் ஒளி மங்கும். சீதையா, மண்டோதரியா என்று ஐயுற நேருமாயின் அதனைக் கடையிலேயே விட்டுவிடலாம்!

நடுவிலுள்ள பிடிகோல் உறுதியாக இருக்கிறதா, அசையும் கை தடையின்றி அசைகிறதா என்பனவும் நோக்கத்தக்கவை.

முற்காலத்தில் மான்தோலே சிறப்புடையதாகக் கருதப்பட்டது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் ஆட்டுத்தோலே பெரிதும் வழங்குகிறது. 'பழைய மான்தோல்' என்று ஆசை காட்டுவாரிடம் நாம் விலகி நிற்பதே தக்கது, அவ்வாணிகம் குற்றமாகும்.

ஷொறணூருக்கு அண்மையிலுள்ள கூனத்தறையில் புலவர் குடும்பத்தார் இன்றும் பாவை செய்கின்றனர். அவர்களுள் கே. கே. இராமச்சந்திர புலவர் 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். அங்குச் செல்வோர் பாவையோடு ஒரு விளக்கையும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.