பந்தாட்டப் பயிற்சியும் நமது மைதானமும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மாணவர் விடுதிக்குப் பின்புறமுள்ள மைதானத்தைக் கல்யாண வண்டிகள் நிறுத்துமிடமாக்கி வாடகைக்கு விடலாமென்று சென்ற மாதம் இச்சபையில் ஒரு யோசனை எழுந்தது. அதன்மேல் முடிவு செய்யுமுன் ஒரு மனிதரின் வரலாற்றைத் தாங்கள் கேட்டருள வேண்டுமென்றே யாம் எழுந்து நிற்கிறோம். அவர் நம் ஜில்லாக்காரர் அல்லர்; நம் சமூகத்தவரும் அல்லர். அதனால் குறைவொன்றுமில்லை.

காலித் ஜமீல் என்பவர் குவைத்தில் பிறந்து, மும்பையில் ஆடிப் பெயர் பெற்றவர். மஹீந்திரா யுனைடெட், ஏர் இந்தியா, மும்பை எப்.சி. ஆகிய கழகங்களில் நடுக்கள ஆட்டக்காரராக விளங்கினார். இந்திய அணிக்கும் ஆடினார். நடுக்களத்தில் நிற்பவன் கோல் அடித்துக் கைதட்டல் வாங்குகிறவன் அல்லன். வாய்க்காலில் மடை திருப்புகிறவனைப் போன்றவன். பின்னிருந்து வரும் பந்தை வாங்கி, எப்பக்கம் பாய வேண்டுமோ அப்பக்கம் திருப்புகிறான். எந்த வயல் காய்கிறது, எது நனைந்துவிட்டது என்று தலை நிமிர்ந்து பார்க்கத் தெரியாதவனுக்கு அந்த வேலை ஆகாது. பயிற்சியாளர்களாகச் சிறந்தவர் பலர் அவ்விடத்தில் ஆடியவர்களாயிருப்பது தற்செயலன்று என்பது எமது எண்ணம். பார்ஸிலோனாவின் கார்டியோலாவும் நடுக்களத்தாரே. 2007-ல் அக்கழகத்து இரண்டாம் அணியின் வாலிபர்களுக்குக் கற்பித்த பிறகே 2008-ல் முதல் அணியை ஏற்றார்.

ஜமீல் காயங்களால் துன்புற்று, 2009-ல் 32-ஆம் வயதில் ஆட்டத்தை விட்டார். அவ்வயதில் நம் வீட்டுப் பிள்ளை ஒருவன் தொழிலிழந்து வந்தால் என்ன சொல்வோம்? அவரோ அவ்வாண்டே தம் கழகத்தின் பயிற்சிப் பொறுப்பை ஏற்று, சுமார் ஏழாண்டுகள் அதே இடத்தில் இருந்தார். கோப்பை ஒன்றும் கிட்டவில்லை. பெரும் பணமில்லாத கழகத்தை ஐ-லீக்கிலிருந்து கீழிறங்காமல் காத்ததே அவர் செய்தது. பத்திரிகைகள் அதைப் பெரிதாக எழுதவுமில்லை. 2016-ல் அப்பதவியும் போயிற்று.

பின்னர் மிஸோரத்து ஐஸ்வால் கழகம் அவரை அழைத்தது. முந்திய பருவத்தில் கீழே தள்ளப்பட்டு, பிறகு மறுபடியும் லீக்கில் சேர்த்துக்கொள்ளப்பட்ட கழகம் அது. ஆட்டக்காரர்களுள் மிகுதியானோர் அம்மலைநாட்டு வாலிபர்களே. 2017 ஏப்ரல் 30-ஆம் தேதி ஷில்லாங்கில் 1-1 என ஆட்டத்தைச் சமன் செய்து, மோகன் பகானை ஒரே புள்ளியால் பின்தள்ளி, அவ்வணி இந்தியச் சாம்பியனாயிற்று. வடகிழக்கு மாநிலக் கழகம் ஒன்று அப்பட்டம் பெற்றது அதுவே முதன்முறை. 2025 ஆகஸ்டில் ஜமீல் இந்திய அணிக்கே பயிற்சியாளராக நியமனம் பெற்றார். மறுமாதம் ஓமனைப் பெனால்ட்டி உதைகளில் வென்று மத்திய ஆசியப் போட்டியில் மூன்றாமிடம் பெற்றனர். அக்டோபரில் சிங்கப்பூரிடம் தோற்று ஆசியக் கோப்பைக்குச் செல்லும் வாய்ப்பை இழந்தனர். அதையும் மறைக்க வேண்டியதில்லை.

தமிழரில் இத்தகையோர் இல்லையோ எனில், சைமன் சுந்தரராஜ் இருக்கிறார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கு எதிராக அவர் போட்ட கோலே இன்றுவரை ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் கடைசிக் கோல். அதை அறிந்தோர் சிலருண்டு. 1973-ல் எர்ணாகுளத்தில் ரயில்வே அணியை 3-2 என வென்று கேரளம் முதன்முதல் சந்தோஷ் டிராபியை அடைந்தபோது அவ்வணிக்குப் பயிற்சி அளித்தவரும் அவரே என்பதை அறிந்தோர் மிகச் சிலர். நமக்குக் கோல் ஞாபகமிருக்கிறது, கற்பித்தவர் ஞாபகமில்லை.

நம் கோவையிலேயே 2019 மார்ச் 9-ஆம் தேதி நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி கழகம் மினர்வா பஞ்சாப்பை 3-1 என வென்று ஐ-லீக் பட்டம் பெற்றது. முதலில் ஒரு கோல் பின்தங்கி மீண்ட ஆட்டம். அவ்வணியில் தமிழ்ப் பிள்ளைகள் பலர். பயிற்சியாளர் அக்பர் நவாஸ் சிங்கப்பூரிலிருந்து வந்தவர். சில ஆண்டுகளில் அக்கழகம் தேசியப் போட்டிகளிலிருந்தே மறைந்தது. அன்று படிக்கட்டில் உட்கார்ந்து ஆர்ப்பரித்த நம் ஊர்ச் சிறுவர்கள் மறுநாள் யாரிடம் போய்க் கற்பது?

“ஏனுங்க, பந்து உதைச்சாச் சோறு வருமுங்களா?” என்று ஒரு தகப்பனார் எம்மிடம் கேட்டார். உண்மையைச் சொன்னோம். உதைப்பவர் நூற்றில் ஒருவருக்கு வருவதும் அரிது. ஆனால் கற்பிப்பதும் ஒரு தொழிலாகிவிட்டது. டி எனும் முதற்படியிலிருந்து ப்ரோ எனும் மேற்படி வரை அதற்குச் சான்றிதழ்கள் உண்டு. பள்ளிகள் பயிற்சியாளரைத் தேடுகின்றன. மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் பிள்ளைகளை அனுப்பத் தெரிந்த நமக்கு இவ்வழியும் தெரிந்திருத்தல் நலம்.

ஆண்டுதோறும் பொங்கல் பந்தயத்திற்கு வெள்ளிக் கோப்பை வாங்குகிறோம். இரண்டு வாலிபரை முதற்படிச் சான்றிதழுக்கு அனுப்பும் செலவை அதிலிருந்தே எடுக்கலாம். அவர்கள் மாலைதோறும் விடுதிப் பிள்ளைகளுக்கும், எச்சாதியாராயினும் அண்டைத் தெருப் பிள்ளைகளுக்கும் கற்பிக்கட்டும். வண்டிகளை மண்டபத்து முன்வாசலிலேயே நெருக்கி நிறுத்திக்கொள்ள இடமிருக்கிறது. யாம் அளந்து பார்த்தோம். மைதானத்தை வாடகைக்கு விடும் தீர்மானத்தை ஓராண்டு ஒத்திவைக்குமாறு காரியக் கமிட்டியாரை வேண்டி அமர்கிறோம்.