மாதந்தோறும் வரும் எண்களும் நம் மக்களின் கூலியும்

(தென்காசியில் நடைபெற்ற வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் நாட்டின் உற்பத்தி, வாணிபம், விலைவாசி ஆகியவற்றைப் பற்றி மாதந்தோறும் வெளியாகும் எண்களைக் குறித்துப் பேச நான் ஒப்புக் கொண்டபோது, நண்பர்கள் சிலர் வியந்தனர். இது வங்கியாளரும் பெருவணிகரும் கேட்க வேண்டிய செய்தியன்றோ என்றனர். அந்த எண்ணமே தவறு என்று எடுத்துச் சொல்லத்தான் நான் இங்கு நிற்கிறேன். இந்த எண்கள் எவருடைய வாழ்க்கையை மிகுதியாகத் தொடுகின்றனவோ, அவர்கள் அவற்றை மிகக் குறைவாகப் படிக்கிறார்கள். நாட்கூலி பெறுவோரும், பீடி சுற்றும் தாய்மாரும், உதவித்தொகையை எதிர்பார்த்துக் கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகளுமே அவர்கள்.

முதலில் இந்த எண்கள் யாவை என்று பார்ப்போம். ஒவ்வொரு மாதமும் ஏறக்குறைய 12ஆம் நாள், நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணை மத்திய அரசின் புள்ளியியல் அமைச்சகம் வெளியிடுகிறது. மாத நடுவில் மொத்த விலைக் குறியீட்டெண்ணும், ஏற்றுமதி இறக்குமதிக் கணக்கும் வருகின்றன. மாத இறுதியில் தொழில் உற்பத்திக் குறியீட்டெண் வருகிறது. சுரங்கம், ஆலை உற்பத்தி, மின்சாரம் ஆகியவற்றின் ஏற்றத் தாழ்வை அது காட்டும். வேளாண் தொழிலாளருக்கென்றே தனியான விலைக் குறியீட்டெண் ஒன்றும் உண்டு. அதனைத் தொழிலாளர் பணியகம் கணக்கிடுகிறது.

இவற்றைப் படிக்கும் முறையைக் கற்க நாம் வேறெங்கும் செல்ல வேண்டியதில்லை. குற்றாலமே நமக்கு ஆசானாக இருக்கிறது. ஜூன், ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் சாரல் விழுகிறது. பேரருவியும் ஐந்தருவியும் பெருகுகின்றன. கடைவீதியில் நிற்க இடமிருக்காது. ஏப்ரலில் அதே கடைக்காரர் ஈ ஓட்டிக் கொண்டிருப்பார். அவருடைய ஜூலை விற்பனையை ஏப்ரல் விற்பனையோடு ஒப்பிட்டு, வணிகம் பத்து மடங்கு வளர்ந்தது என்று ஒருவர் கூறினால் நாம் நகைப்போம். ஜூலையைச் சென்ற ஆண்டின் ஜூலையோடுதான் ஒப்பிட வேண்டும். நாட்டின் மாதக் கணக்கும் பெரும்பாலும் அவ்வாறே சொல்லப்படுகிறது. சாரலைக் கொண்டு வரும் அதே தென்மேற்குக் காற்றுதான் செங்கோட்டைக் கணவாய் வழியே வீசிச் சுரண்டை, ஆலங்குளம் பக்கத்துக் காற்றாலைகளையும் சுழற்றுகிறது. ஆகவே மின் உற்பத்திக்கும் ஒரு பருவம் இருக்கிறது.

இதிலும் ஓர் எச்சரிக்கை தேவை. 2020ஆம் ஆண்டு பெருந்தொற்றின் போது அருவிகளில் குளிப்பதற்குத் தடை இருந்ததை நாம் மறக்கவில்லை. அவ்வாண்டு ஏப்ரலில் நாட்டின் தொழில் உற்பத்தி, முந்தைய ஆண்டு ஏப்ரலை விட 57 விழுக்காடு வீழ்ந்தது. 2021 ஏப்ரலில் ஏறத்தாழ 134 விழுக்காடு உயர்ந்தது என்று செய்தி வந்தது. கேட்பவர் மலைத்துப் போவார். ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நூறாக இருந்தது நாற்பத்து மூன்றாயிற்று, நாற்பத்து மூன்று மீண்டும் நூறாயிற்று, அவ்வளவே. விழுந்தவன் எழுந்து நின்றதை வளர்ச்சி என்று எண்ணிவிடக் கூடாது. எதனோடு ஒப்பிட்டார்கள் என்று கேட்பதே எண்ணைப் படிப்பவரின் முதற் கேள்வியாக இருக்க வேண்டும்.

இனி விலைவாசிக்கு வருவோம். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைக் கடந்தது. அம்மாதம் நாட்டின் சில்லறை விலை உயர்வு 7.44 விழுக்காடு, உணவுப் பொருள்களின் விலை உயர்வு 11.51 விழுக்காடு. பின்னர் 2025 அக்டோபரில் விலை உயர்வு 0.25 விழுக்காடு என்று அறிவிக்கப்பட்டது. 2012ஐ அடிப்படையாகக் கொண்ட வரிசையில் அதுவே மிகக் குறைந்த அளவாகும். உடனே விலைவாசி இறங்கிவிட்டது என்று பலர் எழுதினர். நம் வீட்டுப் பெண்களோ கடையில் அப்படி ஒன்றும் தெரியவில்லையே என்றனர். இரு திறத்தாரும் பொய் சொல்லவில்லை. 2023 அக்டோபரில் நூறு ரூபாய்க்கு வாங்கிய உணவுப் பொருள், 2024 அக்டோபரில் ஏறத்தாழ 111 ரூபாயாயிற்று. அடுத்த ஆண்டு 5 விழுக்காடு இறங்கி 105 ரூபாயில் நின்றது. சென்ற ஆண்டை நோக்க அது இறக்கம். அதற்கு முந்தைய ஆண்டை நோக்க அது ஏற்றமே. படியில் இரண்டடி ஏறி ஓரடி இறங்கியவன் தரைக்கு வந்துவிட்டதாகச் சொல்வாருண்டோ?

விலை இறங்கும் போது மகிழ்வதற்கும் நம்மிடையே இரு மனம் உண்டு. பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் தக்காளியும் கத்திரிக்காயும் விலை சரிந்தால், வாங்கி உண்ணும் கூலித் தொழிலாளிக்கு அது ஆறுதல். குத்தகை நிலத்தில் அதைப் பயிரிட்டவருக்கோ பறிப்புக் கூலி கூடத் தேறாது. ஓணம் நெருங்கும் போது புளியரை வழியாகக் கேரளத்துக்கு வண்டிகள் மிகுதியாகச் செல்கின்றன. இங்கே விலை ஏறுகிறது. ஆகவே, விலை ஏறினால் தீமை, இறங்கினால் நன்மை என்று ஒரே சொல்லில் முடித்துவிட இயலாது. யாருக்கு ஏறிற்று, யாருக்கு இறங்கிற்று என்று கேட்க வேண்டும்.

அயல்நாட்டு வாணிபமும் நம் அடுப்பங்கரையைத் தொடுகிறது. நம் நாடு உண்ணும் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதியாகிறது. பாமாயில் இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிறது. 2022 ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியைச் சில வாரங்கள் நிறுத்தி வைத்தது. 2024 செப்டம்பரில் நம் அரசு, சுத்திகரிக்கப்படாத சமையல் எண்ணெய்கள் மீதான மொத்த இறக்குமதி வரியை 5.5 விழுக்காட்டிலிருந்து 27.5 விழுக்காடாக உயர்த்தியது. 2025 மே இறுதியில் 16.5 விழுக்காடாகக் குறைத்தது. எண்ணெய் வித்துப் பயிரிடும் உழவரைக் காப்பது வரியை உயர்த்தியதன் நோக்கம். நுகர்வோரின் சுமையைத் தணிப்பது குறைத்ததன் நோக்கம். குற்றாலத்துக் கடையில் வாழைக்காய் வறுவல் போடுபவரும், காலையில் கடுகு தாளிக்கும் நம் தாய்மாரும் இந்தச் செய்திகளின் முடிவில் நிற்கிறார்கள்.

அன்பர்களே, இப்போது என் உரையின் மையத்துக்கு வருகிறேன். குறியீட்டெண் விலையைச் சொல்வதோடு நிற்பதில்லை. கூலியையும் அதுவே அளக்கிறது. தமிழ்நாட்டில் குறைந்தபட்ச ஊதியம் அறிவிக்கப்பட்ட தொழில்களில் பஞ்சப்படியை விலைக் குறியீட்டெண்ணோடு இணைப்பது வழக்கம். பீடித் தொழிலும் அவற்றுள் ஒன்று. நூறு நாள் வேலை என்று நாம் அழைத்த, 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழான வேலைக்கு, 2011 முதல் வேளாண் தொழிலாளர் விலைக் குறியீட்டெண்ணை வைத்தே ஆண்டுதோறும் கூலி திருத்தப்பட்டு வந்தது.

அந்தக் குறியீட்டெண்ணின் வரலாற்றைக் கேளுங்கள். அது 1986-87ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்டது. அதன் பொருட்கூடை 1983ஆம் ஆண்டு நுகர்வுக் கணக்கெடுப்பிலிருந்து எடுக்கப்பட்டது. நூற்றுக்கு ஏறத்தாழ 69 பங்கு உணவுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. 1983இல் கைப்பேசி ஏது? கணினி வகுப்புக் கட்டணம் ஏது? ஆயினும் 2025ஆம் ஆண்டு நடுப்பகுதி வரை அந்தக் கூடையே அளவுகோலாக இருந்தது. அதன் பின்னரே 2019ஐ அடிப்படையாகக் கொண்ட புதிய வரிசை வந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் நம் பெற்றோர் வாங்கிய பொருள்களைக் கொண்டே நம் பிள்ளைகளின் காலத்துக் கூலி கணக்கிடப்பட்டது. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரியாததனால் நாம் கேட்கவில்லை.

ஒரு சிறு கணக்கு. தமிழ்நாட்டில் அவ்வேலையின் நாட்கூலி 2022-23இல் 281 ரூபாய். 2023-24இல் 294 ரூபாய். உயர்வு 13 ரூபாய், அதாவது 4.6 விழுக்காடு. அந்த ஆண்டு ஜூலையில்தான் உணவு விலை பதினொன்றரை விழுக்காடு உயர்ந்திருந்தது என்று முன்னரே கூறினேன். ஆக, கையில் 13 ரூபாய் கூடியிருந்தும், அந்த ஜூலையில் அக்கூலி வாங்கிய உணவு முந்தைய ஆண்டை விடக் குறைவு. அடுத்த ஆண்டில் 319, அதற்கடுத்து 336 என்று கூலி உயர்ந்தது மெய்தான். ஆனால் விலை மாதந்தோறும் நகர்கிறது. கூலியோ ஆண்டுக்கொரு முறை நகர்கிறது. இடையில் விழும் பள்ளத்தைத் தாண்டக் கடன் வாங்குபவர்கள் நம் மக்களே.

நாட்டின் கூடை சராசரிக் குடும்பத்தின் கூடை என்பதையும் மறவாதீர்கள். 2022-23 நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் ஊர்ப்புறத்தில் ஒருவருக்கான மாதச் செலவு சராசரியாக 3,773 ரூபாய். தாழ்த்தப்பட்ட மக்களிடையே அது 3,474 ரூபாய். பட்டியல்களில் சேராத ஏனையோரிடையே 4,392 ரூபாய். செலவு குறையக் குறைய அதில் உணவின் பங்கு கூடும். ஆதலால் காய்கறியும் பருப்பும் ஏறும் மாதத்தில், அறிவிக்கப்படும் விழுக்காட்டை விட நம் வீட்டு விழுக்காடு பெரிதாக இருக்கும்.

மாணவச் செல்வங்களே, உங்களைத் தொடும் எண் ஒன்றையும் சொல்கிறேன். பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான மத்திய அரசின் கல்வி உதவித்தொகைத் திட்டத்தில், பெற்றோர் ஆண்டு வருமான வரம்பு 2013இல் இரண்டரை இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2021இல் வந்த புதிய நெறிமுறைகளிலும் அதே வரம்பு நின்றது. 2013-14க்கும் 2024-25க்கும் இடையே சில்லறை விலைக் குறியீட்டெண் ஏறத்தாழ 70 விழுக்காடு உயர்ந்தது. 2013இன் இரண்டரை இலட்சத்துக்கு ஈடு வேண்டுமானால் நான்கே கால் இலட்சம் வேண்டும். விலையோடு ஒட்டி வருமானம் உயர்ந்த குடும்பம் செல்வம் பெறவில்லை. இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆயினும் தாளில் வரம்பைக் கடந்துவிடுகிறது. பிள்ளையின் உதவித்தொகை நின்றுவிடுகிறது. எவரும் எதையும் பறித்ததாகத் தோன்றாமலேயே ஓர் உரிமை இவ்வாறு கரைந்து போகிறது.

அண்ணல் அம்பேத்கர் 1923இல் ரூபாயின் சிக்கலைப் பற்றி நூல் எழுதினார். இலண்டன் பொருளாதாரப் பள்ளியில் அவர் செய்த ஆராய்ச்சி அது. பணத்தின் வாங்கும் ஆற்றல் நிலையாக இருத்தல் வேண்டும் என்பதில் அவர் உறுதியாக நின்றார். விலை ஏறும் வேகத்தில் கூலி ஏறுவதில்லை என்பதை அவர் அறிந்திருந்தார். 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையின் பொறுப்பையும் ஏற்றார். அண்ணலின் படத்துக்கு மாலை அணிவிக்கும் நாம், அவர் எண்களைக் கற்றதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

ஆகவே இந்த வெள்ளி விழாவில் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நம் படிப்பகத்தில் ஒரு கரும்பலகையை இதற்கென ஒதுக்குங்கள். மாதந்தோறும் 15ஆம் நாள், பருப்பு, எண்ணெய், தக்காளி, சின்ன வெங்காயம், முட்டை, பேருந்துக் கட்டணம், ஒரு குறிப்பேட்டின் விலை ஆகியவற்றை நம் மாணவர்கள் கடைகளில் கேட்டு எழுதட்டும். அருகிலேயே நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆயிரம் பீடிக்கும் கொடுக்கப்படும் கூலியை எழுதட்டும். அதற்குக் கீழே அரசு அறிவித்த விழுக்காட்டை எழுதட்டும். ஓராண்டு கழிந்தால் நம்மிடம் நம் கணக்கு இருக்கும். கிராம சபையிலும், ஊதியக் குழுவின் முன்னும், உதவித்தொகை கோரும் மனுவிலும் அந்தக் கணக்கை எடுத்து வைக்கலாம். குறையைச் சொல்பவனை அதிகாரி பொறுத்திருக்கச் சொல்லிவிடலாம்; கணக்கைக் காட்டுபவனுக்கு அவர் விடையளித்தே ஆக வேண்டும்.

எழுத்தறிவு பெறுவதற்காக இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இச்சங்கம் தோன்றிற்று. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் எண்ணறிவும் நம் வீடுதோறும் சேரட்டும் என்று வாழ்த்துகிறேன்.