கல்லு வரிசையில் நிற்கட்டும்!

(பட்டிமன்றத் தலைப்பு: காத்திருப்பவனுக்குக் கைகொடுப்பது இருந்த ஊரா? புகுந்த ஊரா? – ‘புகுந்த ஊரே’ அணியில் மூன்றாவது பேச்சு)

அன்பு நிறைந்த நடுவர் அவர்களே! நான் என்ன பேசப் போகிறேன் என்று தெரியாமலே மறுப்புக் குறிப்பு எழுதத் தொடங்கிவிட்ட எதிரணி அறிஞர்களே! (சிரிப்பு) என் அணித் தோழர்களே! களத்துல காயுற மல்லாட்டையை யாரையாவது பார்த்துக்கச் சொல்லிட்டு, இந்த அனந்தபுரத்து மேடைக்கு முன்னால வந்து உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே! 

நடுவர் அவர்களே, இது என் சொந்த ஊர். மற்ற ஊர்ல ஒரு பொய்யைச் சேர்த்துப் பேசினாலும் கைதட்டுவாங்க. இங்க பேசினா, “இவன் நம்ம பள்ளிக்கூடத்துல என்ன மார்க் வாங்கினான்னு எனக்குத் தெரியாதா?” என்று கேட்பாங்க. (சிரிப்பு) அதனால இன்னிக்கு உண்மையை மட்டும் பேசுறதுன்னு வந்திருக்கேன்.

தலைப்பு என்ன? வெளிநாட்டிலே நிரந்தரமாத் தங்குறதுக்கு விண்ணப்பம் போட்டுட்டு ஒருத்தன் காத்திருக்கான். காகிதம் இன்னிக்கு வருமோ நாளைக்கு வருமோ தெரியாது. இந்த நேரத்துல வேற ஊர்ல நல்ல வேலை வருது. அவன் போகலாமா, கூடாதா? “அசையாதே, இருந்த ஊரே கைகொடுக்கும்” என்று எதிரணி சொல்கிறது. “போ, ஆனா முறையாப் போ” என்று சொல்லத்தான் நான் வந்து நிற்கிறேன்.

எதிரணியில் பேசிய பேராசிரியர் அம்மா ரெண்டு சாட்சிகளைக் கொண்டுவந்தாங்க. முதல் சாட்சி கோவலன். “புகாரை விட்டு மதுரைக்குப் போனான், செத்தான். ஊர் மாறினவன் கதி இதுதான்” என்றாங்க. நல்லாத்தான் இருக்கு. ஆனா அம்மா, அவன் எப்படிப் போனான்? பொழுது விடியுறதுக்கு முன்னால, பெத்தவங்ககிட்டகூடச் சொல்லாமப் போனான்! மதுரையிலே அவனைக் கைகாட்டினப்போ, “இவன் மாசாத்துவான் மகன், புகார் நகரத்துப் பெரிய வணிகர் வீட்டுப் பிள்ளை” என்று சொல்ல ஒரு ஆள் அங்க இல்லை. மன்னனும் தீர விசாரிக்கலை. கோவலனைக் கொன்னது மதுரை இல்லைங்க. சொல்லாமப் போனதும், விசாரிக்காமத் தீர்த்ததும்! (கைதட்டல்) இதை ஞாபகத்துல வைச்சிக்குங்க, கடைசியில் திரும்ப வருவேன்.

ரெண்டாவது சாட்சி நம்ம ஊர் ஆளு. ராஜா தேசிங்கு. “செஞ்சியை விட்டுப் போகாம நின்னு போராடி, 1714-ல் உயிரைக் கொடுத்தான். அதுதான் வீரம்” என்றாங்க. தேசிங்கைப் பத்தி இந்த மண்ணுல நின்னு ஒரு சொல் குறைச்சுப் பேசினா நான் வீடு போய்ச் சேர மாட்டேன். (சிரிப்பு) வீரன்தான், சந்தேகமே இல்லை. ஆனா சண்டையை எதைச் சொல்லித் தொடங்கினாங்க? கப்பம் பாக்கின்னு ஆற்காட்டு நவாப் சொன்னாரு. அதோட இன்னொண்ணும் சொன்னாரு: “உங்க அப்பாவுக்குக் கொடுத்த அனுமதி உனக்குச் செல்லாது, டில்லி பாதுஷாகிட்ட முறையா வாங்கு” என்று. அப்பவே காகிதம்தானய்யா பிரச்சினை! (பலத்த சிரிப்பு)

சரி, அதே கோட்டையிலிருந்து நானும் ஒரு சாட்சியைக் கூப்பிடுறேன். சிவாஜியின் மகன் ராஜாராம். 1689-ல் ராய்கட்டை மொகலாயப் படை வளைச்சுக்கிட்டது. “இருந்த ஊரே பெரிசு” என்று அவன் அங்கேயே உட்காரலை. வெளியேறினான், பன்ஹாளாவுக்குப் போனான், அங்கிருந்து தெற்கே வந்து நம்ம செஞ்சியிலே ஆட்சியை வைச்சான். 1690-ல் மொகலாயர் இங்கேயும் வந்து முற்றுகை போட்டாங்க. 1698 வரைக்கும் அது இழுத்தது. கோட்டை விழுறதுக்குள்ள ராஜாராம் தப்பிச்சு மறுபடி மராட்டிய நாட்டுக்கே போயிட்டான். பின்னால் சதாரா தலைநகரமாச்சு. ஊர் மூணு மாறுச்சு, அரசு ஒண்ணும் அழியலை! 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியர் கோட்டைகள்னு 12 கோட்டைகளைச் சேர்த்தாங்களே, அதுல மராட்டியத்துக்கு வெளியே இருக்கிற ஒரே கோட்டை நம்ம செஞ்சி. ஏன்? அவன் ஊர் மாறி இங்க வந்ததாலதான்! (கைதட்டல்)

கதை போதும் நடுவர் அவர்களே. இப்ப என் வீட்டு விஷயத்தைச் சொல்றேன். சொல்ல வெட்கமாத்தான் இருக்கு. ஆனாலும் சொல்றேன்.

என் தங்கச்சி மகன் அமெரிக்காவிலே நியூஜெர்சியில் வேலை பார்த்தான். எச்-1பி விசா. கிரீன் கார்டுக்குக் கம்பெனி மனு போட்டது. அவன் வரிசைத் தேதி 2016. 2018-ல் அந்த மனுவுக்கு ஒப்புதலும் வந்துடுச்சு. “அப்புறம் என்ன, அட்டை வந்திருக்குமே” என்று நினைப்பீங்க. வராது! அந்த நாட்டிலே வேலை அடிப்படையில் வருஷத்துக்கு ஏறக்குறைய 1,40,000 பேருக்குத்தான் கிரீன் கார்டு. அதுவும் பெண்டாட்டி பிள்ளைகளையும் சேர்த்து எண்ணி! ஒரு நாட்டுக்காரங்களுக்கு 7 சதவீதத்துக்கு மேல் பொதுவாகத் தர மாட்டாங்க. இது 1990-ல் போட்ட சட்டம். சின்ன நாட்டுக்கும் 7, நம்ம நாட்டுக்கும் 7. பந்தியிலே ஒத்தை ஆளு வந்த வீட்டுக்கும் ஒரு இலை, அம்பது பேரு வந்த வீட்டுக்கும் ஒரு இலைன்னா எப்படி இருக்கும்? (சிரிப்பு) அதனால நம்ம பிள்ளைங்க வருஷக் கணக்கா நிற்கிறாங்க.

2019-ல் அவன் மனைவிக்கு டல்லஸ் நகரத்துல வேலை கிடைச்சுது. கணவன் மனுவுக்கு ஒப்புதல் வந்தா மனைவியும் அனுமதி வாங்கி வேலை பார்க்கலாம். 2015-லிருந்து அதுக்கு வழி இருக்கு. அவனுக்கும் அதே ஊர்லே ஒரு கம்பெனி கூப்பிட்டது. ஒரு ராத்திரி எனக்குப் போன் பண்ணினான். “மாமா, போகட்டுமா?” என்றான்.

நான் யாரு? டாக்டர் பட்டம் வாங்கின பேராசிரியர் ஆச்சே! தெரியாதுன்னு சொல்ல வாய் வருமா? “டேய், காகிதம் நடுவுல இருக்கும்போது அசையக்கூடாதுடா. அடைகாக்கிற கோழியை யாராவது கூடு மாத்துவாங்களா?” என்றேன். உவமை நல்லா இருந்துச்சு. (சிரிப்பு) புத்திமதிதான் தப்பா இருந்துச்சு.

அவன் என் பேச்சைக் கேட்டுட்டான். நியூஜெர்சியில் அவன், டல்லஸில் அவளும் குழந்தையும். விமானத்துல ஏறக்குறைய நாலு மணி நேரத் தூரம். ரெண்டு வருஷம். அப்போ குழந்தைக்கு நாலு வயசு. ஒரு நாள் என் தங்கச்சி வீடியோவிலே பேத்திகிட்ட, “அப்பா எங்கடா கண்ணு?” என்று கேட்டா. அந்தக் குழந்தை அவ அம்மா கையிலிருந்த போனைத் தொட்டுக் காட்டி, “அப்பா இதுக்குள்ள இருக்காரு” என்று சொல்லுச்சு. (அரங்கில் அமைதி) என் தங்கச்சி எங்கிட்ட ஒண்ணும் கேட்கலை. முந்தானையாலே கண்ணைத் துடைச்சிக்கிட்டு உள்ளே போயிட்டா.

அதுக்கப்புறம்தான் அவன் ஒரு வழக்கறிஞரைப் போய்ப் பார்த்தான். அவர் சொன்னதைக் கேட்டு எனக்கு நம்ம ஊர் ரேஷன் கடை ஞாபகம் வந்துச்சுங்க. சின்ன வயசுல இங்க மண்ணெண்ணெய் ஊத்துறாங்கன்னா விடியக்காலையிலே போய், வரிசையிலே ஒரு கல்லை வைப்போம். இல்லேன்னா டின்னை வைப்போம். வைச்சிட்டு என்ன பண்ணுவோம்? அங்கேயே நிற்போமா? மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு, பள்ளிக்கூடத்துக்குப் பாடம் எழுதிட்டு, கடை திறக்கிறப்போ வந்து கல்லு பக்கத்துல நிற்போம். அந்த இடம் நம்ம இடம்தான். கல்லு நின்னா போதும், ஆளு நிற்க வேண்டியதில்லை! (கைதட்டல்)

அமெரிக்காவிலே அந்தக் கல்லுக்குப் பேரு வரிசைத் தேதி. மனுவுக்கு ஒப்புதல் வந்துட்டா கல்லு விழுந்துடுச்சுன்னு அர்த்தம். வேற ஊரு, வேற கம்பெனி போனாலும் அந்த 2016 தேதி அவன்கூடவே வரும். ஒப்புதல் வந்து 180 நாள் தாண்டியிருந்தா, பழைய கம்பெனி கோவிச்சுக்கிட்டு மனுவைத் திரும்ப வாங்கினாலும் தேதி போகாது. புதுக் கம்பெனி புதுசா எச்-1பி மனு போடணும். கிரீன் கார்டு வேலையை முதல் படியிலிருந்து திரும்பத் தொடங்கணும். அதுக்கு ஒண்ணு ரெண்டு வருஷம் பிடிக்கலாம். செலவு உண்டு, அலைச்சல் உண்டு. ஆனா வரிசையிலே கடைசிக்குப் போக வேண்டியதில்லை!

எதிரணி நண்பர் எழுதுறாரு... “அப்போ எல்லாரும் எப்ப வேணும்னாலும் போகலாமா?” என்று கேட்பாரு. கேளுங்க ஐயா, கேட்க வேண்டிய கேள்விதான். கூடாது! கல்லு விழுறதுக்கு முன்னால நகர்ந்தா இடம் போச்சு. ஒப்புதல் வராம கம்பெனி மாறினா, அந்தத் தேதி கையை விட்டுப் போயிடும். கம்பெனி மாறாம, அதே கம்பெனி உன்னைத் தூரத்து ஊருக்கு அனுப்பினாக்கூட எச்-1பி மனுவைத் திருத்திப் போட்ட பிறகுதான் போகணும். அதனால நான் யாரையும் கண்ணை மூடிக்கிட்டுக் கிளம்பச் சொல்லலை. “கல்லு விழுந்திருக்கான்னு பாரு. விழுந்திருந்தா, பயத்துக்காக ஒரு ஊர்லே வேர் பிடிச்சு நிற்காதே!” என்றுதான் சொல்றேன்.

இப்ப கோவலன்கிட்டத் திரும்ப வர்றேன். சொல்லாமப் போகாதே என்றேனே, அதுக்குச் சட்டமே இருக்கு. அமெரிக்காவிலே இருக்கிற அயல்நாட்டார் வீடு மாறினா 10 நாளுக்குள்ள குடியேற்ற அலுவலகத்துக்குப் புது விலாசத்தைத் தெரிவிக்கணும். “தபால் ஆபீஸ்ல சொல்லிட்டேனே” என்றால் போதாது. அந்த அலுவலகத்துக் கடிதங்களைத் தபால்காரர் புது வீட்டுக்கு அனுப்ப மாட்டார், வந்த இடத்துக்கே திருப்பிடுவார். வருஷக் கணக்கா காத்திருந்த அட்டை, பழைய வீட்டுக் கதவைத் தட்டிட்டுத் திரும்பிப் போனா எப்படி இருக்கும்? ரொம்ப தூரம் போக வேண்டாம். நம்ம ஊர்லே பாஸ்போர்ட்டுக்குப் போட்டுட்டு வீடு மாறினவங்களுக்குத் தெரியும். போலீஸ் விசாரணைக்கு வர்றப்போ ஆள் இல்லேன்னா என்ன ஆகும்னு கேட்டுப் பாருங்க! (சிரிப்பு)

நடுவர் மணியைத் தொடுறாரு. ஐயா, இன்னும் ஒண்ணே ஒண்ணு. இதைச் சொல்லாம இறங்கினா என் மனசு கேட்காது.

ஊர் மாறலாமா வேண்டாமான்னு நாம பட்டிமன்றம் நடத்துறோம். இதே விழுப்புரம் மாவட்டத்துல, கடலோரம், கீழ்ப்புத்துப்பட்டுன்னு ஒரு ஊர். அங்க இலங்கைத் தமிழர் முகாம் இருக்கு. 1983-லிருந்து அலை அலையா வந்தவங்க. 2021-ல் தமிழ்நாடு முழுக்க நூத்துக்கு மேற்பட்ட முகாம்கள்ல ஏறக்குறைய 58,000 பேர் இருந்தாங்க. அந்த வருஷம் ‘அகதிகள் முகாம்’ என்ற பேரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாத்தினாங்க. பேரு மாறுச்சு. குடியுரிமை வந்துடலை. 2019-ல் திருத்தின குடியுரிமைச் சட்டத்துல சொன்ன மூணு நாடுகள்ல இலங்கை இல்லை.

ஒரு முகாமிலிருந்து எங்கிட்ட ஒரு பையன் படிச்சான். தமிழ்நாட்டுல பிறந்தவன், தமிழிலே முதல் மார்க். சென்னையிலே வேலை கிடைச்சுது. “வாழ்த்துகள்டா, எப்ப போறே?” என்றேன். “ஐயா, வெளியே தங்க அனுமதி கேட்டிருக்கேன். கணக்கெடுக்கிற நாள்ல முகாம்ல இருக்கணும்” என்றான். அவனுக்கு ஊர் மாறுறது ஒரு முடிவு இல்லைங்க. அது ஒரு மனு! அவன் கல்லு வைக்கிறதுக்கு ஒரு வரிசைகூட இல்லை.

ஆனா நம்பிக்கை இல்லாமப் போயிடலை. 1986-ல் மண்டபம் முகாமிலே பிறந்த ஒரு பெண். பாஸ்போர்ட் கேட்டாங்க, மறுத்துட்டாங்க. 1987 ஜூலை 1-க்கு முன்னால இந்திய மண்ணுல பிறந்தவங்க பிறப்பாலேயே இந்தியக் குடிமக்கள். அந்தச் சட்டத்தைக் காட்டி வழக்குப் போட்டாங்க. 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் திருச்சியிலே ஓட்டுப் போட்டார். பிறந்தது மண்டபம், ஓட்டுப் போட்டது திருச்சி. மதுரையிலே அன்னிக்கு விசாரிக்காமத் தீர்த்தாங்க, இன்னிக்கு விசாரிச்சுத் தீர்த்தாங்க! (நீண்ட கைதட்டல்)

ஊர் மாறுறதுக்கு வழியே இல்லாம ஒரு கூட்டம் நாற்பது வருஷமா நிற்கும்போது, வழி இருக்கிறவன் பயத்தாலே நிற்கலாமா? அது எவ்வளவு பெரிய கொடுப்பினைன்னு அவனுக்குத் தெரிய வேண்டாமா?

என் மருமகப்பிள்ளை 2021-ல் டல்லஸ் போயிட்டான். அட்டை இன்னும் வரலை. கல்லு வரிசையிலே இருக்கு. ஆனா மூணு பேரும் ஒரே வீட்டுல இருக்காங்க. போன வாரம் பேத்திகிட்ட என் தங்கச்சி பழைய கேள்வியையே கேட்டா: “அப்பா எங்கடா?” “சமையல்கட்டுல தோசையைக் கருக்கிட்டிருக்காரு பாட்டி!” என்று பதில் வந்துச்சு. (சிரிப்பு, கைதட்டல்) கருகின தோசையா இருந்தா என்னங்க? பிள்ளைக்கு அப்பன் கையாலே கிடைச்ச தோசை அது.

ஆகவே நடுவர் அவர்களே, வரிசையிலே கல்லு நிற்கட்டும், மனுஷன் நடக்கட்டும்! சொல்லிட்டுப் போகிறவனுக்குக் கைகொடுப்பது புகுந்த ஊரே, புகுந்த ஊரே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்!