ஆட்டமும் வைத்தியமும்
(சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



பெண்மக்களுக்கு விளையாட்டு கல்விக்குப் பகையென்று கருதுவோர் நம்மவருள் இன்றும் உளர். அவர்கள் பொருட்டே அமெரிக்க தேசத்து டாக்டர் டென்லி ஆல்பிரைட் அம்மையாரின் சரித்திரத்தை எடுத்துக்கொண்டோம்.

இவ்வம்மையார் 1935-ஆம் வருஷம் மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில் ஒரு ரணசிகிச்சை வைத்தியரின் புத்திரியாகப் பிறந்தார். பதினொன்றாம் பிராயத்தில் இளம்பிள்ளை வாதம் கண்டது. ஸால்க் என்பாரின் தடுப்பு மருந்து 1955-இல்தான் வெளிவந்தது. ஆகவே அப்பெற்றோர் பட்ட பயத்தை நாம் ஊகித்துக்கொள்ளலாம். நோய் தணிந்தபின், முன்பே பழகியிருந்த பனிக்கட்டிச் சறுக்காட்டமே தளர்ந்த தசைகளுக்குப் பயிற்சியாயிற்று.

அவ்வாட்டம் வெறுங் குதியாட்டமன்று. அந்நாளில் நூற்றுக்கு 60 பங்கு மதிப்பெண், காற்தகட்டின் ஓரத்தால் பனிக்கட்டியில் வட்டங்கள் வரைந்து, அக்கோட்டின்மீதே பிசகாது மீண்டும் செல்வதற்கு உரியதாயிருந்தது. 1952-இல் ஆஸ்லோ ஒலிம்பிக் பந்தயத்தில் இரண்டாமிடம். 1953-இலும் 1955-இலும் உலகப்பட்டம். இதற்கிடையே ராட்கிளிப் கலாசாலையில் வைத்தியப் படிப்புக்கு வேண்டிய பாடங்களும் நடந்துவந்தன.

1956-இல் இத்தாலியிலுள்ள கார்ட்டினாவில் ஒலிம்பிக் பந்தயம். அதற்குச் சில தினங்களுக்கு முன், அவருடைய இடக்கால் தகடே வலக் கணுக்காலை ஆழமாக வெட்டிவிட்டது. தந்தையார் கடல் கடந்து வந்து தாமே சிகிச்சை செய்தார். அக்காலோடு ஆடி, இவ்வாட்டத்தில் ஒலிம்பிக் தங்கப்பதக்கம் பெற்ற முதல் அமெரிக்கப் பெண்மணியானார்.

அதன்பின் போட்டிகளைத் துறந்து, 1957-இல் ஹார்வர்டு வைத்திய கலாசாலையிற் சேர்ந்தார். அது மாதரைச் சேர்க்கத் தொடங்கிப் பன்னிரண்டு வருஷங்களே ஆகியிருந்தன. 1961-இல் தேறி, தந்தையாரைப் போலவே ரணசிகிச்சை வைத்தியரானார்.

நிற்க. 1976-இல் குளிர்கால ஒலிம்பிக் பந்தயத்திற்குச் சென்ற அமெரிக்கக் கோஷ்டிக்கு இவரே தலைமை வைத்தியர். அப்பதவியின் சங்கடம் மற்ற வைத்தியர்க்கில்லை. நோயாளி நோவைச் சொல்லி முறையிடுவான். ஆட்டக்காரனோ அதை மறைப்பான். நான்கு வருஷத்து உழைப்பு ஒரு நாளிற் போய்விடுமே என்னும் அச்சம் அவனுக்கு. அம்மறைப்பை, வெட்டுண்ட காலோடு ஆடியவரினும் நன்கறிவார் யார்? அவ்வாறு ஆடியவர் பிறரைத் தடுக்கத் தயங்காரோ என்று சிலர் கேட்கலாம். அவ்வாட்சேபம் நியாயமானதே. ஆயினும், பிள்ளைப்பிராயத்திலேயே கைகால் அசையாது படுத்தறிந்தவர் உடம்பின் அருமையை மறந்திருப்பாரென்று நாம் எண்ணவில்லை.

1979-இல் அமெரிக்க ஒலிம்பிக் கமிட்டி அவரைத் தன் நிர்வாகஸ்தர்களுள் ஒருவராக்கிற்று. அவருக்கு முன் அப்பதவியில் ஒரு பெண்மணியும் அமர்ந்ததில்லை.