சுறாவைக் கட்டியவருக்கு இருபதில் ஒரு பங்கு

இந்த நாற்காலிக்கு என்னைவிடத் தகுதியான இருவர் முன்வரிசையில் இருக்கிறார்கள். பேச்சு நீண்டால் கடிகாரத்தைக் காட்டுங்கள், நிறுத்திவிடுகிறேன்.

காய வழக்குகளில் கவனக் கடமையையும் கவனக்குறைவையும் மெய்ப்பிப்பது மாநாட்டின் பொருள். 1932இன் டோனஹ்யூ வழக்கையும், டெல்லி மணிக்கூண்டு இடிந்த வழக்கில் 1966இல் நம் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. துறைமுகச் சரக்கு விபத்துகளைக் கட்டுரையாளர்கள் பார்த்துக்கொள்வார்கள். நான் சங்கு குளிப்பவரைப் பற்றிப் பேசுகிறேன்.

தூத்துக்குடி திரேஸ்புரத்துக் குளியாளி கம்ப்ரசர் குழாயை வாயில் கவ்விக்கொண்டு இறங்குகிறார். காற்று நின்று அவசரமாக மேலேறினால் கைகால் விழுந்துவிடலாம், உயிரும் போகலாம். 1923ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் நீருக்கடியில் வேலை செய்பவரைத் தன் இரண்டாம் அட்டவணையிலேயே சேர்த்தது. அதன்படி முதலாளியின் தவற்றை மெய்ப்பிக்க வேண்டியிருக்கவும் இல்லை. ஆனால் வள்ளக்காரர், “அவர் என் ஆள் இல்லை, பங்காளி” என்பார். அது எடுபட்டால், பத்துப் பாகம் ஆழத்தில் நடந்ததை உரிமையியல் நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கும் பொறுப்பு காயம்பட்டவர் தலையில் விழும்.

மதிப்புக்குரிய நண்பர் ஒருவர், பங்கு வாங்குபவர் அபாயத்தையும் வாங்கிக்கொள்கிறார், அதுவே முத்துக்குளிப்பு மரபு என்று எழுதியிருக்கிறார். அவர் உழைப்பை மதிக்கிறேன். முடிவைத்தான் ஏற்க முடியவில்லை. ஆங்கிலேயர் காலத்தில் தூத்துக்குடி முத்துச் சலாபத்தில் மூன்றில் இரண்டு பங்கை அரசு எடுத்துக்கொண்டது, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. அந்த ஏற்பாட்டைக் கூட்டுத்தொழில் என்று யார் சொல்வார்?

இந்தக் கரையின் முத்துக்குளிப்பைப் பற்றி மார்க்கோ போலோ சொல்வது இன்னும் தெளிவு. ஆட்களைக் கூலிக்கு அமர்த்திய வணிகர்கள், மன்னருக்குப் பத்தில் ஒன்றும், சுறாவைக் கட்டும் மந்திரக்காரருக்கு இருபதில் ஒன்றும் கொடுத்தார்களாம். கட்டு பகலுக்கு மட்டும், இரவில் அவிழ்த்துவிடுவார்கள். 1859இல் இலங்கைச் சலாபத்தைப் பற்றி எழுதிய டென்னன்ட்டும், இந்தச் சடங்கு இல்லாமல் குளிப்பு தொடங்காது என்கிறார். கடல்கட்டி எனப்பட்ட அக்காலத்து மந்திரக்காரர் ஒரு கத்தோலிக்கர் என்பது கூடுதல் சுவை. நண்பர் இந்தச் சடங்கை மூடநம்பிக்கை என்று அடிக்குறிப்பில் தள்ளிவிட்டார். மந்திரம் பலித்ததா என்பது என் கவலையல்ல. கடலுக்கு ஆள் அனுப்பியவர் அந்த ஆளின் உயிர்க்காப்புக்குத் தம் வருவாயிலிருந்து கொடுத்தார் என்பதே என் வாதம். கவனக் கடமைக்கு இதைவிடப் பழைய சான்று இந்தக் கரையில் எனக்குக் கிடைக்கவில்லை.

கப்பலிலிருந்து காணாமல்போன மாலுமியின் வழக்கில், மெய்ப்பிக்கும் பொறுப்பு கோருபவருக்கே என்று 1969இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை எல்லோரும் எடுத்துக்காட்டுகிறோம். சூழ்நிலைச் சான்றாலும் மெய்ப்பிக்கலாம் என்று அதே தீர்ப்பு சொன்னதை விட்டுவிடுகிறோம். ஒருவருக்கே சிறப்பாகத் தெரிந்த செய்தியை அவரே மெய்ப்பிக்க வேண்டும் என்ற பழைய 106ஆம் பிரிவு, புதிய சாட்சியச் சட்டத்தில் 109ஆக இருக்கிறது. கம்ப்ரசரைக் கடைசியாக எப்போது பழுதுபார்த்தார்கள் என்பது வள்ளக்காரருக்குத்தானே தெரியும்?

கட்டுரையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: துறைமுகத்தோடு நிற்காமல், அந்தப் பிரிவைச் சங்குகுளி வழக்குகளில் எப்படிப் பொருத்துவது என்பதற்கும் பதில் சொல்லுங்கள். மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன்.