கோவையிலிருந்து சிங்கப்பூர் எவ்வளவு தூரம்?

கோவை பீளமேடு விமான நிலையத்துக்கும் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்துக்கும் இடையிலான வான்தொலைவு ஏறத்தாழ 3,160 கிலோமீட்டர். மேற்கே ஷார்ஜாவுக்கு 2,770. திருப்பூர், அவிநாசி, கணியூர் வட்டாரத்துப் பனியன் தொழிலுக்கு வெளிநாட்டு வாசல்கள் இவை.

இந்தத் தொலைவை ஒரு நூலைக் கொண்டே அளக்கலாம். பள்ளிக்கூடத்து உலக உருண்டையில் நூலின் ஒரு முனையைக் கோவையிலும் மறுமுனையைப் போய்ச் சேரும் ஊரிலும் வைத்து இழுத்துப் பிடித்தால், அது படியும் தடமே மிகக் குறுகிய வழி. பெருவட்டப் பாதை என்பது இதுதான். நிலநடுக்கோட்டை ஒட்டிய சிங்கப்பூருக்கு, சுவரில் மாட்டிய வரைபடத்தின் நேர்கோட்டுக்கும் இந்த நூலுக்கும் அதிக வேறுபாடு இல்லை. நியூயார்க்குக்குப் பிடித்துப் பார்த்தால்தான் வியப்பு. வரைபடத்தில் அரபு நாடுகள், வட ஆப்பிரிக்கா என்று மேற்கே தோன்றும் வழி, உருண்டையில் வடக்கே ஏறி ஐஸ்லாந்தின் மேல் போய் இறங்கும். நீளம் சுமார் 13,500 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்துக்கு எரிபொருள் நிரப்பிய பெரிய விமானத்துக்கு, 3 கிலோமீட்டருக்குச் சற்றே குறைந்த கோவை ஓடுதளம் போதாது. ஆகவே இடையில் விமானம் மாறியே தீர வேண்டும்.

நேரம் வேறு கணக்கு. மணிக்கு 830 கிலோமீட்டர் வேகம் என்று வகுத்தால் சிங்கப்பூர் 3 மணி 50 நிமிடத்தில் வர வேண்டும். தரையில் ஊர்வது, மேலே ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்ந்து அதை நாலேகால் மணி நேரம் வரை கொண்டுபோகும்.

காற்றும் கணக்கில் உண்டு. தென்மேற்குப் பருவக்காலத்தில், தரையில் மேற்கிலிருந்து காற்று அடிக்கும்போது, தென்னிந்தியாவின் மேல் மிக உயரத்தில் கிழக்கிலிருந்து வேகமான காற்றோட்டம் ஒன்று பாய்கிறது. அதை 1958-இல் தெளிவாக விளக்கியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டேஸ்வரம். அதன் கீழ்விளிம்பு ஷார்ஜா விமானத்தைப் பின்னிருந்து தள்ளும். மார்கழி, தை மாதங்களில் அரேபியப் பக்கம் எதிர்க்காற்று.

பயணச்சீட்டைப் பார்த்துக் குழம்புகிறவர்கள் நிறைய. அதில் அச்சாகும் மணி அந்தந்த ஊர் மணி. சிங்கப்பூர் நம்மைவிட 2½ மணி நேரம் முந்தியது. இரவு 10 மணிக்குக் கிளம்பினால் அங்கே இறங்கும்போது 4:45. ஷார்ஜா 1½ மணி நேரம் பிந்தியது. நாலு மணி நேரப் பறப்பு போகும்போது சீட்டில் 2½ மணி போலவும், திரும்பும்போது 5½ மணி போலவும் தெரியும்.

இதோடு தரைவழி நேரமும் உண்டு. திருப்பூரிலிருந்து அவிநாசி, கணியூர் சுங்கச்சாவடி வழியாகப் பீளமேடு சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வெளிநாட்டுப் பயணத்துக்கு 3 மணி நேரம் முன்பே அங்கே இருக்க வேண்டும். சாங்கியில் குடியேற்றச் சோதனை முடிந்து வெளியே வரும்போது, வீட்டைவிட்டுக் கிளம்பி ஒன்பது மணி நேரம் ஆகியிருக்கும்.