வந்த அறிஞர்க்கு எதைப் பரிமாறுகின்றோம்?

(கொடுமுடியில் நிகழ்த்திய உரை)

 

நம் சட்டக் கல்லூரிகளுக்கும் சட்டப் பல்கலைக் கழகங்களுக்கும் இந்நாள்களில் அயல்நாட்டுச் சட்ட அறிஞர்கள் வந்து போகின்றனர். வரட்டும். காவிரிக் கரையில் வாழும் நமக்கு விருந்தோம்பலைப் பிறர் கற்பிக்க வேண்டுவதில்லை. ஆனால், வந்தவர்க்கு எதைப் பரிமாறுகின்றோம்? வாயிலில் பூச்செண்டு, மேடையில் பொன்னாடை, வரவேற்பும் ஆங்கிலம், நன்றியுரையும் ஆங்கிலம், பொழுது சாய்ந்தால் மாமல்லபுரம். அவர் தம் நாட்டுச் சட்டத்தைச் சொல்லிவிட்டுப் போகின்றார். நம் நாட்டு முறையை நாம் சொல்வதில்லை.

ஒரு சட்டக் கல்லூரி விழாவில் பார்வையாளனாக அமர்ந்திருந்தேன். "உங்கள் முன்னோர் வழக்குகளை எவ்வாறு தீர்த்தனர்?" என்று விருந்தினர் கேட்டார். மேடையிலிருந்த நம் பேராசிரியர் மனுவிலிருந்து தொடங்கினார், மனுவிலேயே முடித்தார். தமிழன் ஒருவன் தமிழ் மண்ணில் நின்று சொன்ன விடை அது!

அயலார் நம்மிடம் சட்டம் கேட்பது புதிதன்று. ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தை ஆண்டபோது, ஆளுநர் சைமன்சு கட்டளைப்படி, அங்கு நெடுங்காலம் வாழ்ந்த கிளாசு ஐசாக்சு என்பார் அம்மக்களின் வழக்கங்களைத் தொகுத்து 1707இல் அளித்தார். தொகுப்பு தமிழில் பெயர்க்கப்பட்டு முதலியார் பன்னிருவர் பார்வைக்குச் சென்றது. அவர்கள் படித்துச் சரியென ஒப்பினர். அதுவே தேசவழமை. ஆங்கிலேயரும் 1806இல் அதனை உறுதி செய்தனர். யாழ்ப்பாணத் தமிழரின் உடைமை வழக்குகளில் இன்றும் அது செல்லுபடியாகின்றது. திருமணத்திற்குப் பின் கணவனும் மனைவியும் ஈட்டிய பொருளுக்கு அதில் என்ன பெயர் தெரியுமா? தேடியதேட்டம்! இச்சொல்லுக்கு எந்த அகரமுதலியும் வேண்டா. நம் வீட்டுப் பாட்டிக்கே விளங்கும். சட்டத்திற்குத் தமிழில் சொல்லில்லை என்பார் இதனை எண்ணிப் பார்க்க.

சென்னைக்கு வருவோம். 1812இல் எல்லீசர் முயற்சியால் கோட்டைக் கல்லூரி எழுந்தது. வெள்ளைக்கார இளைஞர்க்கு அங்கே மொழி கற்பித்தவர்கள் தாண்டவராய முதலியார் போன்ற நம் புலவர்கள். நம்மவர் சட்டம் பயின்றதும் அதே கல்லூரியில்தான். அயலவர் மாணாக்கராய் அமர, தமிழ்ப் புலவர் ஆசானாய் அமர்ந்த இடம் அது. எல்லீசர் 1819இல் மறைந்தார்.

பின்னர் வந்தவர் நெல்சன். மதுரை நாட்டு வரலாற்றை 1868இல் எழுதியவர். மாவட்ட நடுவராகவும் இருந்தவர். 1877இல் அவர் வெளியிட்ட நூல் சென்னை உயர்முறைமன்றத்தையே உலுக்கியது. வடமொழி நூல்களில் உள்ளதே இந்நாட்டார் எல்லார்க்கும் சட்டம் என்று தீர்ப்பளிப்பது பிழை. பார்ப்பனரல்லாத பெருந்திரளான மக்கள் அந்நூல்களை அறிந்தவரும் அல்லர், அவற்றின்படி வாழ்ந்தவரும் அல்லர். அவர்தம் வழக்காற்றைக் கேட்டறிக என்பது அவர் வாதம். அம்மன்றத்து நடுவராயிருந்த இன்னிசு என்பார் 1882இல் மறுப்பு நூலே எழுதினார். வெள்ளையர் இருவர் நம் வாழ்வைக் குறித்து வழக்காடினர். நம் சட்டக் கல்லூரி மாணவருள் எத்துணைப் பேர் இதனை அறிவர்?

இது பழங்கதையன்று. கொங்கு வேளாளர் மணச் சீர்களை வழிவழியாக நடத்துபவர் அருமைக்காரர். வடமொழி மந்திரம் ஓதாமல் மணம் நடக்கும் என்பதற்கு இம்மண்ணே சான்று. ஆயினும், 1953இல் சென்னை உயர்முறைமன்றம் தன்மதிப்புத் திருமணம் செல்லாது என்றது. உற்றார் முன்னிலையில் மாலை மாற்றி மணந்தவர்கள் சட்டத்தின் கண்ணில் கணவன் மனைவி ஆகவில்லை. அவர்தம் மக்கள் நிலை என்ன? 1967இல் அண்ணா ஆட்சியில் சட்டம் திருத்தப்பட்ட பிறகே அக்கொடுமை தீர்ந்தது. வரும் விருந்தினர்க்குச் சொல்லத்தக்க செய்தி இதனினும் வேறு உண்டோ?

நம் ஊர் இறைவனைப் பாடிய சுந்தரரும் ஒரு வழக்கில் நின்றவரே. திருவெண்ணெய்நல்லூர் அவையில் முதியவர் அடிமையோலை காட்டிய வழக்கைச் சேக்கிழார் விரித்துரைக்கின்றார். வழக்காறு, ஓலை, கண்டவர் கூற்று என மூன்று வழிகளில் மெய்ப்பிக்கலாம் என்பது அங்கே பேசப்படுகின்றது. கிழித்தது படியோலை, மூலவோலை வேறு. பாட்டனாரின் பிற கையெழுத்தைக் கொணர்ந்து ஒப்பிட்டுத்தான் அவையோர் முடிவு சொல்கின்றனர். அடியார்க்கு அது பத்தி நூல். சட்டம் பயில்வார்க்கு 12ஆம் நூற்றாண்டின் சான்றியல் பாடம்.

இவ்வளவும் இருந்தும் சென்னை உயர்முறைமன்றத்தில் தமிழ் வழக்குமொழியாகவில்லை. அரசமைப்பின் 348ஆம் பிரிவு, குடியரசுத் தலைவர் ஒப்புதலுடன் மாநில மொழிக்கு இடந்தருகின்றது. அவ்வழியில் இராசத்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகியவற்றில் இந்தி நுழைந்தது. தமிழக சட்டமன்றம் 2006இல் தீர்மானம் நிறைவேற்றியும் தமிழுக்கு வாயில் திறக்கவில்லை. அயல்நாட்டு அறிஞர் இதனையும் அறிந்து செல்லட்டும். விருந்தினர்முன் வீட்டுக் குறையைப் பேசலாமா என்பார் சிலர். அவர் சட்டம் அறிய வந்தவரன்றோ?

கோவைச் சட்டக் கல்லூரி மாணவர்கட்கு ஒன்று கூறுவேன். அடுத்துவரும் விருந்தினரைத் தமிழில் வரவேற்று, அவர் மொழியில் பெயர்த்துச் சொல்லுங்கள். ஒரு நாள் கொடுமுடிக்கு அழைத்து வாருங்கள். ஈரோடு–திருச்சி இருப்புவழியில் நம் ஊர் நிலையம் இருக்கின்றது. கோயிற் கல்வெட்டுகளைக் காட்டுவோம். ஊர்ப் பெரியோர்களே, உங்கள் வீட்டுப் பரணில் பழைய பங்குப்பிரிவு ஓலையோ விலையாவணமோ இருந்தால் எறிந்துவிடாதீர்கள். என்னிடம் காட்டுங்கள், படியெடுத்துக்கொண்டு மூலத்தை உங்களிடமே திருப்பித் தருவேன்.